தொடர் நேரழுத்தச் சிகிச்சைக்குப் பழகுதல்

தொடர் நேரழுத்தச் சிகிச்சை என்பது, உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோயாகிய உறக்க மூச்சுத்தடைக்கு, சற்றே அழுத்தம் மிகுந்த காற்றை முகமூடி வழியாக இரவு முழுவதும் செலுத்திச் செய்யப்படும் மருத்துவ முறையாகும். இதற்குப் பயன்படும் கருவி பொதுவழக்கில் சிபாப் கருவி எனப்படுகிறது. இச்சிகிச்சை நோயை வேரோடு நீக்குவதில்லை. கருவியை அணிந்திருக்கும் நேரத்தில் மட்டுமே தொண்டை திறந்திருக்கும். எனவே, கருவியுடன் உறங்கப் பழகிக்கொள்வதே சிகிச்சையின் வெற்றியைத் தீர்மானிக்கிறது. தொடக்கத்தில் பலரும் காற்றை எதிர்த்து மூச்சு விடுவது கடினமாக இருப்பதாக உணர்கின்றனர். இவ்வுணர்வின் காரணங்கள், பழகும் வழிகள், சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடற்கரை நகரில் கவனிக்க வேண்டியவை ஆகியவை கீழே விளக்கப்படுகின்றன.

## நோய்

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் இறுக்கமாக இருந்து மூச்சுவழியைத் திறந்து வைக்கின்றன. உறக்கத்தில் இத்தசைகள் தளர்கின்றன. நாவடியும் மெல்லண்ணமும் பின்னோக்கிச் சரிந்து வழியைக் குறுக்குகின்றன. குறுகிய வழியில் காற்று செல்லும்போது மென்திசுக்கள் அதிர்வதால் எழும் ஒலியே குறட்டை. வழி முழுவதும் அடைபட்டால் மூச்சு நிற்கிறது. இவ்வாறு 10 நொடி அல்லது அதற்கு மேல் மூச்சு நிற்பது ஒரு மூச்சுத்தடை நிகழ்வாகக் கணக்கிடப்படுகிறது. குருதியில் உயிர்வளி குறைந்ததும் மூளை சில நொடிகள் விழித்துத் தசைகளை இறுக்குகிறது. நோயாளர் திணறலுடன் மூச்சை இழுத்து மீண்டும் உறங்குகிறார். காலையில் இவ்விழிப்புகள் பெரும்பாலும் நினைவில் இருப்பதில்லை.

ஒரு மணி நேர உறக்கத்தில் நிகழும் மூச்சுத்தடைகள், மூச்சுக்குறைவுகள் ஆகியவற்றின் எண்ணிக்கையே நோயின் அளவுகோல் ஆகும். இது 5 முதல் 15 வரை இருப்பின் இலேசானது, 15 முதல் 30 வரை இருப்பின் நடுத்தரமானது, 30 அல்லது அதற்கு மேல் இருப்பின் கடுமையானது என வகுக்கப்படுகிறது. கடுமையான நோயுடையவர் ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறை மூச்சு தடைபட்டு உறங்குகிறார் என்பது இதன் பொருள்.

பகல் தூக்கம், காலைத் தலைவலி, மறதி, எரிச்சல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். உயர் குருதி அழுத்தம், இதயத்துடிப்புச் சீர்கேடு, பக்கவாதம் ஆகியவற்றுடன் இந்நோய் தொடர்புடையது. வண்டி ஓட்டும்போது கண்ணயர்ந்து ஏற்படும் விபத்துகள் நோயாளருக்கு மட்டுமன்றிப் பிறருக்கும் தீங்காகின்றன. இந்தித் திரையிசையமைப்பாளர் பப்பி லகிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமானபோது, அவருக்கு இந்நோய் இருந்ததாக மருத்துவர்கள் தெரிவித்தனர். அதன் பின்னர் இந்தியாவில் இந்நோயின் பெயர் பரவலாக அறியப்பட்டது.

## சிகிச்சையின் வரலாறு

1970களில் கடுமையான உறக்க மூச்சுத்தடைக்கு உறுதியான தீர்வாக இருந்தது, கழுத்தின் முன்புறம் மூச்சுக்குழலில் துளையிடும் அறுவை மருத்துவமே. நோயாளர் பகலில் துளையை மூடிக்கொண்டு இரவில் அதன் வழியாக மூச்சு விட்டனர். பலர் இதற்கு உடன்படவில்லை.

ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன், 1980ஆம் ஆண்டில் துளையிடும் அறுவைக்கு விருப்பமில்லாத ஒரு நோயாளரிடம் மூக்கு வழியாகக் காற்றழுத்தம் செலுத்தும் முறையை முதலில் சோதித்தார். தொடக்கக் காலக் கருவிகளில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டார் பயன்படுத்தப்பட்டது. முகமூடி ஒவ்வொருவரின் மூக்குக்கும் அச்செடுத்துச் செய்யப்பட்டு, இரவுதோறும் பசை கொண்டு ஒட்டப்பட்டது. ஐந்து நோயாளரிடம் பெற்ற முடிவுகள் 1981 ஏப்ரலில் இலான்செட் மருத்துவ இதழில் வெளியாயின. அவர்களுக்குத் தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 செ.மீ. நீரழுத்தம் வரையே இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் இத்தகைய கருவிகள் விற்பனைக்கு வந்தன. ஈரமூட்டி, மென்மையான சிலிக்கன் முகமூடி, தானாக அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் கருவி ஆகியவை பின்னர் வந்தவை. இம்மேம்பாடுகளிற் பல, பழகுவதிலுள்ள இடர்களைக் குறைக்கவே உருவாக்கப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

## செயற்படும் முறை

கருவியிலுள்ள சிறு விசிறி அறைக் காற்றை இழுத்து, வடிகட்டி, குழாய் வழியாக முகமூடிக்குள் செலுத்துகிறது. கருவி உயிர்வளியை உற்பத்தி செய்வதில்லை. நோயாளருக்குப் பதிலாக மூச்சு விடுவதுமில்லை. உள்ளே செல்லும் காற்றின் அழுத்தம் தொண்டைச் சுவர்களை உட்புறமிருந்து தாங்குகிறது. தளர்ந்த துணிக்குழாய் ஒன்றில் காற்றை ஊதி வைத்தால் அது மடங்காமல் நிற்பதைப் போன்றது இது.

முகமூடியில் சிறு துளைகள் உள்ளன. வெளிவிடும் கரிவளி தேங்காமல் இத்துளைகள் வழியாகவே வெளியேறுகிறது. புதிதாக அணிபவர் இதனால் எழும் சீறல் ஒலியைக் கசிவு எனத் தவறாக எண்ணித் துளைகளை ஒட்டுநாடாவால் அடைத்துவிடக்கூடும். அவ்வாறு செய்வது ஆபத்தானது.

## அழுத்தத்தின் அளவு

இக்கருவிகளின் அழுத்தம் செ.மீ. நீரழுத்தம் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. வழக்கமான வீச்சு 4 முதல் 20 வரையாகும். ஒரு குவளை நீரில் உறிஞ்சுகுழலை 10 செ.மீ. ஆழத்துக்கு அமிழ்த்திக் குமிழி வரும்படி ஊதுவதற்குத் தேவையான அழுத்தமே 10 செ.மீ. நீரழுத்தம். கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1,033 செ.மீ. நீரழுத்தத்துக்குச் சமம். ஆகவே கருவி கூட்டும் அளவு வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு மட்டுமே.

சென்னையில் சுமார் 90 மீட்டர் உயரமுள்ள பரங்கிமலையின் உச்சிக்கும் மயிலாப்பூர்க் கடற்கரைக்கும் இடையே உள்ள காற்றழுத்த வேறுபாடும் ஏறத்தாழ இவ்வளவே. மலையிலிருந்து இறங்கி வருபவர் இவ்வேறுபாட்டை உணர்வதில்லை. அவரது மார்புக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாக மாறுவதே காரணம். கருவியை அணிந்தவருக்கோ மூச்சுவழியில் மட்டும் அழுத்தம் கூடுகிறது. மார்புக்கு வெளியே அறையின் அழுத்தமே உள்ளது. இந்தச் சமமின்மையையே உடல் உணர்கிறது. அளவில் சிறியதாயினும் அழுத்தம் பெரிதாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

## வெளிமூச்சு கடினமாகத் தோன்றுதல்

இயல்பான உறக்கத்தில் உள்மூச்சுக்குத் தசை வேலை செய்கிறது. வெளிமூச்சு நுரையீரலின் மீள்தன்மையால் தானாக நிகழ்கிறது. கருவியை அணிந்ததும் இந்த நிலை மாறியதாகத் தோன்றுகிறது. காற்று எளிதாக உள்ளே வருகிறது. வெளிவிடும்போது எதிர்ப்பு இருக்கிறது. விழித்திருப்பவர் இதனை எதிர்த்து வலிந்து ஊத முற்படுகிறார். அதனால் மூச்சு வேகமாகி, அச்சம் தோன்றி, முகமூடியைக் கழற்ற நேர்கிறது. வலிந்து ஊதாமல் மெதுவாக மூச்சை விட்டால், நுரையீரல் சற்று விரிந்த நிலையில் புதிய சமநிலையை அடைந்து, சில நிமிடங்களில் எதிர்ப்புணர்வு குறைகிறது. உறங்கிய பின் அது தெரிவதில்லை.

இதனை எளிதாக்கக் கருவிகளில் பின்வரும் வசதிகள் உள்ளன:

* படியேற்றம்: அழுத்தம் 4 செ.மீ. போன்ற குறைந்த அளவில் தொடங்கி, 45 நிமிடங்கள் வரையான காலத்தில் சிறிது சிறிதாக உரிய அளவுக்கு உயர்கிறது. அதற்குள் பெரும்பாலும் உறக்கம் வந்துவிடும்.
* வெளிமூச்சுத் தளர்வு: மூச்சு விடும் கணத்தில் மட்டும் அழுத்தம் 1 முதல் 3 செ.மீ. வரை குறைகிறது.
* தானியங்கு அழுத்தம்: கருவி மூச்சின் போக்கைக் கவனித்து, தேவையான நேரத்தில் மட்டும் அழுத்தத்தைக் கூட்டுகிறது. மல்லாந்து படுக்கும்போதும் கனவு உறக்கத்திலும் பெரும்பாலும் கூடுதல் அழுத்தம் தேவைப்படும்.
* இருநிலை அழுத்தம்: உள்மூச்சுக்கு ஓர் அளவும் வெளிமூச்சுக்கு அதனினும் குறைந்த ஓர் அளவும் தரும் கருவி பைபாப் எனப்படுகிறது. மிகுந்த அழுத்தம் தேவைப்படுவோருக்கும் வேறு சில மூச்சுக் கோளாறுகள் உடையோருக்கும் இது பரிந்துரைக்கப்படுகிறது.

மூச்சு முட்டுவதாகக் கூறும் எல்லோருக்கும் அழுத்தம் மிகுதியாக இருப்பதில்லை. தொடக்க அழுத்தம் மிகக் குறைவாக இருந்தாலும், போதிய காற்று வராதது போன்ற உணர்வு உண்டாகும். அப்போது தொடக்க அளவை 4இலிருந்து 6 ஆகக் கூட்டுவது போன்ற சிறு மாற்றமே திணறலை நீக்கக்கூடும். எது காரணம் என்பதைக் கருவியில் பதிவாகும் தரவுகளைக் கொண்டு மருத்துவரோ உறக்க ஆய்வு வல்லுநரோ கண்டறிவர். நோயாளர் தாமாக அழுத்தத்தை மாற்றுவது ஏற்றதன்று.

## படிப்படியாகப் பழகுதல்

முகமூடியை முதன்முதலாக இரவில், களைப்புடன், இருட்டில் அணிவது அச்சத்தைக் கூட்டும். எனவே பகலிலேயே பயிற்சியைத் தொடங்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. வழக்கமான படிகள் பின்வருமாறு:

1. கருவியை இயக்காமல், முகமூடியைக் கையால் முகத்தில் பிடித்துக்கொண்டு சில நிமிடங்கள் மூச்சு விடுதல். நோயாளர் விரும்பும்போது எடுத்துவிடலாம் என்னும் நிலை இருப்பதால் அச்சம் குறைகிறது.
2. கருவியை இயக்கி, முகமூடியைக் கையால் பிடித்தபடியே காற்றோட்டத்தை உணர்தல்.
3. பட்டைகளை மாட்டி, செய்தித்தாள் படித்துக்கொண்டோ தொலைக்காட்சி பார்த்துக்கொண்டோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் அமர்ந்திருத்தல்.
4. படுத்த நிலையில், பகல் சிறுதுயிலின்போது அணிதல்.
5. இரவு முழுவதும் அணிதல். இடையில் கழன்றுவிட்டால் மீண்டும் மாட்டிக்கொள்ளுதல்.

ஒரு படியில் அச்சம் நீங்கிய பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். இதற்குச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம். மூடிய இடங்களைக் கண்டு அஞ்சும் இயல்புடையோருக்கு, மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறு முகமூடி உதவும். முதல் வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்குப் பின் கழற்றிவிடுவது தோல்வியன்று. மறுநாள் அணியாமல் விடுவதே தோல்விக்கு வழிவகுக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் டெரி வீவரும் அவரது குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கருவியைத் தொடர்ந்து பயன்படுத்துவோரும் இடையிடையே விட்டுவிடுவோரும் சிகிச்சையின் நான்காம் நாளிலேயே வேறுபடத் தொடங்குவது தெரியவந்தது. எனவே முதல் வாரத்தில் மருத்துவக் குழுவினருடன் தொடர்பில் இருப்பது இன்றியமையாதது.

குடும்பத்தாரின் பங்கும் பெரிது. நோயாளரின் மூச்சு நிற்பதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் வாழ்க்கைத் துணையே. முகமூடியைக் கண்டு நகைப்பதும், அதனைத் தீராத நோயின் அடையாளமாகக் கருதி வருந்துவதும் நோயாளரைப் பின்வாங்கச் செய்கின்றன. மாறாக, கருவியின் மெல்லிய ஒலி குறட்டையை விடப் பன்மடங்கு குறைவு என்பதை உடன் உறங்குபவர் விரைவில் உணர்கிறார்.

## தொடக்க கால இடர்களும் தீர்வுகளும்

* கசிவு: முகமூடியின் அளவு பொருந்தாமையே பெரும்பாலும் காரணம். பட்டைகளை மேலும் இறுக்குவது மூக்குத் தண்டில் புண்ணை உண்டாக்கும், கசிவையும் நிறுத்தாது. படுத்த நிலையில், கருவி இயங்கும்போது பட்டைகளைச் சரிசெய்ய வேண்டும். கண்ணை நோக்கிக் கசியும் காற்று கண் உலர்வையும் சிவப்பையும் தரும்.
* வாய் உலர்தல்: மூக்கு முகமூடி அணிந்தவர் வாயைத் திறந்து உறங்கினால் காற்று வாய்வழியே வெளியேறுகிறது. மூக்கடைப்பைச் சரிசெய்தல், ஈரமூட்டி, தாடைப் பட்டை, வாயையும் மூக்கையும் மூடும் முகமூடி ஆகியவை தீர்வுகள்.
* மூக்கடைப்பு: உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும் மருத்துவர் தரும் மூக்குத் தெளிப்பு மருந்தும் உதவும்.
* வயிற்று உப்புசம்: காற்றை விழுங்குவதால் ஏற்படுகிறது. இரவு உணவை முன்னதாக முடித்தல், தலைப்பக்கத்தை உயர்த்திப் படுத்தல், வெளிமூச்சுத் தளர்வு ஆகியவை இதனைக் குறைக்கும்.
* குழாயில் நீர் கோத்தல்: ஈரமூட்டியிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த குழாயில் நீராக மாறி முகத்தில் தெறிக்கிறது. குழாய்க்கு உறையிடுதல், ஈர அளவைக் குறைத்தல், சூடேறும் குழாயைப் பயன்படுத்துதல் ஆகியவை தீர்வுகள்.
* புதிய வகை மூச்சுத்தடை: சிலருக்குத் தொண்டை அடைப்பு நீங்கியபின், மூளை மூச்சுக் கட்டளையை இடையிடையே நிறுத்துவதால் வேறு வகை மூச்சின்மை தோன்றுகிறது. பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில் தானாக மறைகிறது. மறையாதவருக்கு மறு ஆய்வு தேவை.

## சென்னையின் சூழலில்

### வெப்பமும் ஈரப்பதமும்

சிகிச்சை பற்றிய கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அவை ஈரமூட்டியை எப்போதும் உயர் அளவில் வைக்குமாறு கூறுவதுண்டு. மயிலாப்பூர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதியில் இரவுக் காற்று ஏற்கெனவே ஈரம் மிகுந்தது. சன்னலைத் திறந்து மின்விசிறியின் கீழ் உறங்குபவருக்குக் குறைந்த ஈர அளவே போதுமானதாக இருக்கலாம். குளிர்சாதன அறையில் உறங்குபவரின் நிலை வேறு. குளிர்சாதனம் காற்றின் ஈரத்தை நீக்குவதால் மூக்கு உலர்கிறது. குழாயும் குளிர்வதால் நீர் கோக்கிறது. ஆகவே ஒரே வீட்டில், ஒரே கருவிக்கு, கூடத்தில் உறங்கும்போது ஓர் அமைப்பும் குளிர்சாதன அறையில் வேறோர் அமைப்பும் தேவைப்படலாம்.

கருவி காற்றைக் குளிர்விப்பதில்லை. மே மாதத்து இரவில் அறை எவ்வளவு வெப்பமோ அவ்வளவு வெப்பமான காற்றே முகமூடிக்கும் வரும். கோடையில் சிகிச்சையைத் தொடங்குவோர் உணரும் புழுக்கத்தில் ஒரு பகுதி அறையின் வெப்பத்தால் ஆனது. அதனை அழுத்தத்தின் விளைவு எனக் கருதிச் சிகிச்சையைக் கைவிடக் கூடாது.

### நீர்

ஈரமூட்டியில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீர், குறிப்பாகக் கடலோரப் பகுதிகளில், உப்பு மிகுந்தது. அதனை ஊற்றினால் தொட்டியில் வெண்படலம் படிகிறது. கொதிக்க வைப்பதால் நுண்ணுயிர்கள் அழியுமேயன்றி உப்புகள் நீங்குவதில்லை. தொட்டியிலுள்ள நீரை நாள்தோறும் மாற்றி, தொட்டியைக் கழுவி உலர்த்த வேண்டும். வெப்பமான ஊரில் தேங்கிய நீரில் பூஞ்சை விரைவில் வளரும்.

### மின்சாரம்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அடையாற்றங்கரைப் பகுதிகளான கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய இடங்களில் மின்சாரம் தடைபட்டது. 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலுக்குப் பின்னும், 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகள் மின்சாரமின்றி இருந்தன. ஈரமூட்டியை நிறுத்தி வைத்தால் கருவிக்குத் தேவையான மின்னாற்றல் குறைவே. சராசரியாக 30 வாட் எனக் கொண்டால், 8 மணி நேரத்துக்கு 240 வாட்-மணி ஆகும். வீடுகளில் பரவலாக உள்ள 150 ஆம்பியர்-மணி மின்கலத்துடன் கூடிய இன்வெர்ட்டர் ஓர் இரவுக்குப் போதுமானது. படுக்கையறையில் கருவி இணைக்கப்படும் மின்செருகி இன்வெர்ட்டர் இணைப்பில் உள்ளதா என்பதை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் விளக்கும் விசிறியும் மட்டுமே அவ்விணைப்பில் இருக்கும்.

மின்சாரம் நின்றால் முகமூடியினுள் புதிய காற்று வருவதும் நின்றுவிடும். மூக்கு முகமூடி அணிந்தவர் வாய்வழியே மூச்சு விடலாம். முழு முகமூடியில் வெளிக்காற்றை உள்ளே விடும் பாதுகாப்பு அடைப்பிதழ் உள்ளது. ஆயினும் முகமூடியைக் கழற்றிவிடுவதே நல்லது. அவ்விரவில் ஒருக்களித்துப் படுப்பதும், மதுவையும் மருத்துவர் அறிவுரையற்ற தூக்க மாத்திரைகளையும் தவிர்ப்பதும் மூச்சுத்தடையைக் குறைக்கும்.

### புகையும் தூசியும்

கருவியின் வடிகட்டி தூசியைத் தடுக்கும். புகையிலுள்ள வளிகளைத் தடுக்காது. போகியன்று பழைய பொருட்களை எரிப்பதால் சென்னையில் புகைமூட்டம் உண்டாகிறது. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து விமானப் போக்குவரத்தையே பாதித்தன. இத்தகைய நாட்களிலும் தீபாவளியை ஒட்டியும் சன்னலை மூடி வைப்பதும், பின்னர் வடிகட்டியைச் சோதித்து மாற்றுவதும் தேவை. தியாகராய நகர் போன்ற போக்குவரத்து மிகுந்த பகுதிகளில் வடிகட்டி விரைவில் கருமையடையும்.

### பழக்கவழக்கங்கள்

அடர்ந்த மீசை முகமூடியின் விளிம்பைச் சருமத்தில் படியவிடாமல் கசிவை உண்டாக்கும். மீசையை எடுக்க விரும்பாதவருக்கு மூக்குத் துளைகளில் பொருந்தும் வகை முகமூடி ஏற்றது. மூக்குத்தி அணியும் பெண்களுக்கு இவ்வகை அழுத்தக்கூடும்; அவர்களுக்கு மூக்கை வெளிப்புறமாகச் சூழும் வகை பொருந்தலாம். முகத்திலும் தலையிலும் பூசிய எண்ணெய் முகமூடியை வழுக்கச் செய்வதுடன் சிலிக்கனையும் கெடுக்கும். படுக்கும்முன் முகம் கழுவுவதும், நாள்தோறும் முகமூடியை இலேசான சவர்க்கார நீரில் கழுவி நிழலில் உலர்த்துவதும் நல்ல பழக்கங்கள்.

கருவியைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்தால் குழாயில் கோத்த நீர் முகத்தை நோக்கி வராது. பாயில் உறங்குபவருக்கு இது இயலாது. அவர் ஈர அளவைக் குறைத்து, தரைத்தூசி உட்புகாதவாறு தாழ்வான பலகையில் கருவியை வைத்துக்கொள்ளலாம்.

## பயன்பாட்டு நேரமும் பயனும்

இரவுக்குக் குறைந்தது 4 மணி நேரம், பத்தில் ஏழு இரவுகள் என்னும் அளவு, போதிய பயன்பாட்டின் கீழெல்லையாகப் பரவலாகக் கொள்ளப்படுகிறது. எனினும் இது நிறைவான அளவன்று. டெரி வீவர் குழுவினரின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், தாம் உணரும் பகல் தூக்கம் சீரடைய 4 மணி, கருவிகளால் அளக்கப்படும் தூக்கம் சீரடைய 6 மணி, அன்றாடச் செயற்பாடுகள் சீரடைய 7.5 மணி என்ற அளவுகளில் பயன் மேலும் பலருக்குக் கிடைத்தது. அதிகாலையில் கனவு உறக்கம் மிகுதி. அப்போதுதான் மூச்சுத்தடைகளும் பலருக்குக் கடுமையாகின்றன. முன்னிரவில் மட்டும் அணிந்து பின்னிரவில் கழற்றுபவர் இந்தப் பகுதியைச் சிகிச்சையின்றி விட்டுவிடுகிறார்.

இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 2,717 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான சேவ் ஆய்வு, ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ உடையவர்களிடம் இச்சிகிச்சை மேலும் அத்தகைய நிகழ்வுகளைக் குறைக்கவில்லை எனக் கண்டது. அவ்வாய்வில் பங்கேற்றோர் கருவியை அணிந்தது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம் மட்டுமே. குறட்டை, பகல் தூக்கம், மனநிலை, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் முன்னேற்றம் காணப்பட்டது. போதிய நேரம் அணிந்திருந்தால் இதயத்துக்கும் பயன் கிடைத்திருக்குமா என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

பகல் தூக்கத்தை அளக்க, மெல்போர்னைச் சேர்ந்த மருத்துவர் மரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வர்த் அளவுகோல் பயன்படுகிறது. அமர்ந்து படித்தல், காரில் பயணித்தல் போன்ற எட்டுச் சூழல்களில் கண்ணயரும் வாய்ப்பு 0 முதல் 3 வரை மதிப்பிடப்படுகிறது. மொத்தம் 24இல் 10க்கு மேல் வந்தால் பகல் தூக்கம் மிகுதி எனக் கொள்ளப்படும். சிகிச்சைக்கு முன்னும், பின் ஒரு மாதம் கழித்தும் இதனைக் குறித்து ஒப்பிட்டால், நாளுக்கு நாள் புலப்படாத முன்னேற்றம் தெளிவாகும்.

## இந்தியாவிலும் சென்னையிலும்

மும்பையில் ஜரீர் உத்வாடியா குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நகர்வாழ் நடுவயது ஆண்களில் 7.5 விழுக்காட்டினருக்கு அறிகுறிகளுடன் கூடிய உறக்க மூச்சுத்தடை இருந்தது. சென்னையில், மருத்துவர் வி. மோகன் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2001இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற ஊரகக் கொள்ளைநோயியல் ஆய்வு 26,001 பேரை உள்ளடக்கியது. அவர்களுள் 358 பேரிடம் உறக்கம் பற்றி வினவி 2010இல் வெளியான ஆய்வில் 40 விழுக்காட்டினர் குறட்டை விடுவதாகத் தெரிவித்தனர். குறட்டை விடுவோர் அனைவருக்கும் மூச்சுத்தடை இருப்பதில்லை. ஆயினும் சோதிக்கப்பட வேண்டியோர் எத்துணைப் பேர் என்பதை இது காட்டுகிறது. தெற்காசியர்களிடம் ஒப்பளவில் குறைந்த உடல் எடையிலும் இந்நோய் காணப்படுகிறது. எனவே பருமனற்றவருக்கு இந்நோய் வராது என்னும் கருத்து தவறானது.

நோயறிதலுக்குரிய உறக்க ஆய்வு மருத்துவமனையிலோ வீட்டிலோ ஓரிரவில் செய்யப்படுகிறது. நுரையீரல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், நரம்பியல் மருத்துவர் ஆகியோர் இந்நோயைக் கவனிக்கின்றனர். இந்திய வல்லுநர்கள் கூடி 2014இல் உருவாக்கிய வழிகாட்டு நெறிகளும் உள்ளன.

கருவியின் விலை பல்லாயிரம் ரூபாய் ஆகும். நடுவண் அரசு ஊழியர் நலத் திட்டத்தில் முன் அனுமதியுடன் இதன் செலவு ஈடுசெய்யப்படுகிறது. தனியார் மருத்துவக் காப்பீடுகளில் சிபாப் கருவி பெரும்பாலும் ஈடுசெய்யப்படாத பொருட்களின் பட்டியலில் உள்ளது. ஆதலால், வாங்கும்முன் சில வாரங்களுக்குக் கருவியை வாடகைக்குப் பெற்றுப் பழகிப் பார்ப்பது பயன்தரும். பொருந்தாத முகமூடியை அக்காலத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். பிறர் பயன்படுத்திய கருவியை வாங்குவோர் அதன் வரிசை எண்ணைச் சரிபார்க்க வேண்டும். ஒலியடக்கும் நுரைப்பொருள் சிதையக்கூடும் என்பதால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் பல இலட்சம் கருவிகளை உலகெங்கும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

## பழக இயலாதோருக்கு மாற்று வழிகள்

உரிய உதவி கிடைத்தும் பழக இயலாதவர்கள் உள்ளனர். இலேசான, நடுத்தர நோயுடையோருக்குக் கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பற்கருவி உதவுகிறது. மல்லாந்து படுக்கும்போது மட்டும் நோய் தோன்றுபவர் ஒருக்களித்துப் படுக்கப் பழகலாம். உடற்பருமன் உடையோருக்கு எடைக் குறைப்பு நோயின் கடுமையைக் குறைக்கும். உடற்பருமனுடன் கூடிய நடுத்தர, கடுமையான நோய்க்கு டிர்செப்படைடு என்னும் ஊசி மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் ஏற்றது. தொண்டை அறுவை மருத்துவமும் நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியும் தேர்ந்தெடுத்த சிலருக்குப் பொருந்தும். இவற்றுள் எதுவும் செய்யாமல் கருவியை மூலையில் வைத்துவிடுவது மாற்று வழியாகாது.

## மருத்துவரை உடனே நாட வேண்டிய நிலைகள்

நெஞ்சு வலி, திடீர் மூச்சிரைப்பு, தொடர்ந்து வடியும் மூக்குக் குருதி, காது அல்லது முகக் குழிகளில் கடும் வலி ஆகியவை ஏற்பட்டால் கருவியை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுக வேண்டும். இதய முடுக்கி போன்ற உட்பொருத்திய கருவி உடையோர், காந்தப் பூட்டு கொண்ட முகமூடிகளைத் தவிர்க்க வேண்டும். ஒழுங்காக அணிந்தும் பகல் தூக்கம் நீங்காதவர், அது நீங்கும் வரை வண்டி ஓட்டாதிருப்பதே அவருக்கும் சாலையில் செல்லும் பிறருக்கும் பாதுகாப்பு. அழுத்தமோ முகமூடியோ மாற்றப்பட வேண்டுமா என்பதை மறு ஆய்வு காட்டும்.